முறைநாள் பரீட்சை

மேட்டூர் அணை திறந்த மறு வருஷம் ஆராயி கல்யாணமாகி நாமகிரிப்பேட்டைக்கு வந்தாள். அவள் அம்மா சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தவள். அந்தச் சலுகையில் ஆராயி அங்கேயே தங்கி எட்டாம் வகுப்பு தேறியிருந்தாள். அந்தத் தெருவில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் இல்லை. அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வதென்றும் யாருக்கும் தெரியவில்லை. களையெடுக்கப் போனால் எல்லோரையும் போல அவளும் குனியத்தான் வேண்டியிருந்தது. "என்ற மருமவ எட்டு படிச்சவளாக்கும்" என்று மாமியார் அத்தாயி வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். சொன்ன கையோடு, "வெறகு ஒடிக்கத்தான் தெரியாது" என்பாள்.

புருஷன் பச்சமுத்துவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஐந்தாவது வரை படித்தவன். ஒரு கவுண்டர் தோட்டத்தில் காலையிலிருந்து கவலை இறைப்பான். மாடுகள் சரிவில் இறங்கி ஏற, கிணற்றிலிருந்து தோல்சால் தண்ணீரைக் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டும். அதிர்ந்து பேசாத மனுஷன். பதினாறு வயதில் கொல்லிமலை அடிவாரத்துக்கு மூங்கில் வெட்டப் போய்க் காய்ச்சலை வாங்கி வந்திருந்தான். மழைக்காலம் வந்தால் அதுவும் வந்துவிடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்து. இடது விலாவுக்குக் கீழே கட்டி இருந்தது. அது கரையட்டும் என்று அத்தாயி ஊசியைக் காய்ச்சி இழுத்த சூட்டுத் தழும்புகள் நாலு, அந்த இடத்தில் வரிசையாக இருந்தன. அடிவாரத்து ஊர்களில் பாதிப் பேர் வயிற்றில் அப்படித் தழும்பு உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சந்தைக்குப் போய்த் திரும்பும்போது சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை ஆராயி நின்று படித்தாள். காட்டிலாகாவில் காவல் பார்க்கும் கார்டு வேலைக்கு ஆள் வேண்டும். ஐந்தாவது தேறியிருக்க வேண்டும், இருபத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. சொல்வதெழுதுதல், கணக்கு, நாலு மணி நேரத்தில் பதினாறு மைல் நடை, அப்புறம் டாக்டர் பரிசோதனை.

"நீங்க மனு போடுங்க," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"எனக்கெதுக்கு புள்ளே? சிலேட்டுப் பலவையத் தொட்டு பத்து வருசமாச்சு."

"எழுத்துக்கு நான் இருக்கறேன். நடைக்கு நீங்க இருக்கறீங்க."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். மாடு சரிவில் இறங்கும்போது ஒரு வாய்ப்பாடு, ஏறும்போது அதையே தலைகீழாக. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மாடுகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும் என்று தோட்டத்தில் கேலி பேசினார்கள். கஞ்சி குடித்து முடித்ததும் களத்து மேட்டில் சொல்வதெழுதுதல். பழைய பத்திரிகைத் துண்டு எது கிடைத்தாலும் அவள் படிக்க, அவன் சிலேட்டில் எழுதுவான். "அவன் வீட்டுக்கு வந்தான்" என்று அவள் சொன்னால், "அவன் ஊட்டுக்கு வந்தான்" என்று எழுதினான்.

"ஊடு இல்லீங்க, வீடு. வாயிலதான் ஊடு. காயிதத்துல வீடு."

"ரெண்டும் ஒண்ணுதானே புள்ளே?"

"நமக்கு ஒண்ணுதான். திருத்தறவருக்கு ரெண்டுங்க."

நடைப் பழக்கத்துக்கு ராசிபுரம் போலீஸ் ஸ்டேஷனில் அடிக்கும் மணிதான் கடிகாரம். ஆறு மணி அடித்ததும் அங்கிருந்து கிளம்பி, நாமகிரிப்பேட்டை தாண்டி இரண்டு மைல் போய்த் திரும்பி, பத்து அடிப்பதற்குள் ராசிபுரத்துக்கு வந்து சேர வேண்டும். வாரம் ஒருமுறை போனான். நாலாவது வாரம் பத்து அடிக்கும் முன்பே வந்துவிட்டான்.

மளிகைக்கடை வெங்கடாசலம் இதைப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, நானும் ஒரு ஓரமா ஒக்காந்துக்கட்டுங்களா?" என்றான். இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து பரீட்சைக்குச் சேலத்துக்குப் போனார்கள்.

எழுத்தில் நாற்பது பேரில் பச்சமுத்து மூன்றாவது. நடையில் முதல் பத்துக்குள். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். தழும்புகளைப் பார்த்ததுமே அவர் விரல்கள் விலாவுக்குக் கீழே போயின.

"எத்தனை வருசமா காய்ச்சல்?"

பச்சமுத்து பொய் சொல்லவில்லை. "ஏழெட்டு வருசமாச்சுங்க."

"மண்ணீரல் நாலு விரக்கடை எறங்கியிருக்கு. இதோட மலையில வேலைக்கு அனுப்பினா நீ செத்துப்போவே. காய்ச்சலை நிறுத்தி, கட்டியைக் கரைச்சுட்டு அடுத்த வருசம் வா."

வெங்கடாசலத்துக்கு வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையோடு வந்து ஆராயி காலில் விழுந்தான். உள்ளே படுத்திருந்த பச்சமுத்து எழுந்து வந்து, "நல்லாயிரு சாமி" என்றான்.

அதன் பிறகு ஆராயிக்கு உடம்பே பாடமாகிவிட்டது. காய்ச்சலுக்குத் தபாலாபீசில் விற்கும் கொயினாப் பொட்டலங்களை வாங்கி வந்து, வெல்லத்தில் உருட்டி நாள் தவறாமல் விழுங்க வைத்தாள். கொயினா காதில் வண்டு இரைகிற மாதிரி இரைந்தது. அவள் சொல்வது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, தெருவே நின்று கேட்டது. கேலி பேசிய அத்தாயிகூட மாறிவிட்டாள். சந்தை நாளில் கறிக்கடையில் சொல்லி வைத்து, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலை வாங்கி வந்து சுட்டுக் கொடுத்தாள். கட்டிக்கு அதுதான் மருந்து என்பது அவள் கட்சி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனைப் படுக்கவைத்து ஆராயி விலாவுக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். நாலு விரல் மூன்றாயிற்று. சித்திரையில் இரண்டு. ஆவணியில் ஒன்றரை.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது, காய்ச்சலும் திரும்பி வந்தது.

ஐப்பசியில் பரீட்சைத் தேதி போட்டுக் கடிதம் வந்தபோது, ஆராயி அதைக் கையில் வைத்துக்கொண்டே நாளை எண்ணினாள். இன்றைக்குக் காய்ச்சல், நாளைக்கு இல்லை, மறுநாள் காய்ச்சல். நடைப் பரீட்சை காய்ச்சல் நாளில் வந்து விழுந்தது. எங்காவது ஒரு நாளை விட்டிருப்போம் என்று மறுபடி எண்ணினாள். மாறவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ளே," என்றான் அவன். "மாடு ஓட்டறப்பவே எண்ணிப் பாத்துட்டேன். பத்து மணிக்கு மேலதானே நடுக்கம் வருது? ஆறுக்கு உட்டாங்கன்னா அதுக்குள்ளாற முடிச்சுப்போடலாம்."

அந்த முறை அவளும் சேலத்துக்குப் போனாள். நடை தொடங்குகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். ஆறு மணிக்கு அதிகாரி வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. வந்து, பெயர் கூப்பிட்டு, ஆட்களை விடும்போது எட்டாகிவிட்டது. பச்சமுத்து அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

பதினொன்றரையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் அவள் எழுந்து நின்றாள். பன்னிரண்டுக்கு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துப் பட்டியலில் கோடு இழுத்தார். அதற்கும் வெகு நேரம் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரன் போர்த்திவிட்ட சாக்குக்குள் பச்சமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வெயில் கொளுத்தியது. அவன் பற்கள் அடித்துக்கொண்டன.

"பதிமூணு மைல் வந்துட்டேன் புள்ளே," என்றான். "இன்னொரு மூணுதான்."

மாசியில் அவனுக்கு இருபத்தைந்து முடிந்தது.

ஆராயியிடம் படிக்க ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் இரண்டு பேர் போலீசுக்கும், ஒருவன் தாலுகா ஆபீஸ் பியூனாகவும் போனார்கள். அவர்கள் களத்து மேட்டில் உட்கார்ந்தால் பச்சமுத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு தூரமாகப் போய்விடுவான். ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கொஞ்சம் மெதுவாச் சொல்லு புள்ளே. நீ சொல்லச் சொல்ல எனக்கு உள்ளாற எழுத்தா ஓடுது. நிறுத்த முடியல." அன்றிலிருந்து அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்புறம், நேரமில்லை என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

நாற்பதாம் வருஷக் கோடையில் தோட்டத்துக் கிணறு வற்றிப்போய்க் கவலை நின்றது. அடிவாரத்தில் காட்டுத்தீ பரவாமலிருக்கப் புதர் வெட்டும் கூலி வேலைக்குப் பச்சமுத்து போனான். அங்கே ஆள் எடுத்துப் பெயர் பதிகிற கார்டு வெங்கடாசலம்தான்.

கூலி கொடுக்கும் முதல் சனிக்கிழமை கழிந்ததும் வெங்கடாசலம் ஆராயியைத் தேடி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அண்ணன் கூலி நோட்டுல கையெழுத்துப் போட மாட்டேங்கறாருங்க. நான் பேனாவ நீட்டறேன், அவரு பெருவெரல நீட்டறாரு. அத்தன பேருக்கு முன்னால நான் என்னத்தச் சொல்றதுங்க?"

அவன் போன பிறகு பச்சமுத்து வந்தான். அவன் கட்டைவிரலில் இருந்த மசியை அவள் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு எழுதத் தெரியாதுங்களா?"

"அங்க எல்லாரும் ரேகைதான் வெக்கறாங்க." அரிவாளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். "நான் மட்டும் எழுதுனா, எழுதத் தெரிஞ்சுமா இங்க வந்து நிக்கறேன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்லோணும், நீயே சொல்லு."

அவள் உள்ளே போனாள். வெந்நீரும் சீயக்காயும் கொண்டுவந்து அவன் கட்டைவிரலைப் பிடித்துத் தேய்த்தாள். மசி ரேகைக்குள் இறங்கியிருந்தது. திரும்பத் திரும்பத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர மசி போகவில்லை.

"உடு புள்ளே," என்றான். "சனிக்கெழமை மறுக்கா வெக்கோணும்."