செல்வம் மாமா மொழிபெயர்த்த காதல் படம்

செல்வம் மாமா, நீங்கள் பொய்யர்.

இன்று மகளின் போனில் அந்த நடிகையின் சிரிப்பு கேட்டது. அதே ஆங்கிலக் காதல் படத்தின் இரண்டாம் பாகம், வசனம் கீழே தமிழ் எழுத்தில் ஓடியது.

அந்தக் காலத்தில் முதல் பாகத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் போட்டபோது, துரை பங்களாவில் சமைத்த நீங்கள்தான் எங்களுக்கு மொழிபெயர்த்தீர்கள். அந்த ஜோடி அரைமணி நேரம் பேசியது.

"சாப்பிட்டியான்னு கேக்குறான். ஆமாங்கிறா."

"இவ்வளவு நேரமாவா மாமா?" என்றாள் அக்கா.

"என்ன கறின்னும் சொல்ல வேணாமா?"

முடிவில், "கல்யாணம் முடிஞ்சிருச்சு புள்ள" என்றீர்கள். அதை நம்பி அக்கா, தன்னைக் கட்டுவதாகச் சொல்லிக் கொழும்புக்குப் போனவனுக்காக இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள். அவன் வரவேயில்லை.

படத்திலும் அவர்கள் முதல் பாகத்தின் முடிவிலேயே பிரிந்துவிட்டார்களாம்; இன்றுதான் தமிழில் படித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், லயத்துச் சனமெல்லாம் கேட்கும்படி சொல்லுங்கள்: உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?