எங்கள் ரேடியோவின் ஊளை

யுத்த காலத்தில் நான் புதுக்கோட்டையில் சயன்ஸ் வாத்தியார். என் மனைவியின் அண்ணன் பினாங்கில் துணிக்கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரர்கள் அந்த ஊரைப் பிடித்ததும் கடிதம் நின்றுவிட்டது. சிங்கப்பூரிலிருந்து அவர்கள் நடத்தும் தமிழ் ஒலிபரப்பில், உயிரோடிருப்பவர்களின் ஊரும் பெயரும் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதைக் கேட்டால் ஜெயில் என்றும் கேள்விப்பட்டோம்.

நானே இரண்டு வால்வு வைத்து ஒரு ரேடியோ கட்டியிருந்தேன். விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு, நானும் மனைவியும் ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொள்வோம்.

"நாம கேக்குறது வெளிய தெரிஞ்சுருமாங்க?" என்று தினமும் கேட்பாள்.

"அலை இங்கிட்டு வரும். இங்கருந்து ஒண்ணும் போகாது" என்பேன்.

ஒருநாள் "விராலிமலை" என்று கேட்டது. அவள் பிறந்த ஊர். என் கையை இறுகப் பிடித்தாள். பெயர் வருவதற்குள் குரல் தேய்ந்தது. வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு தூரம் கடந்து வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வகுப்பில் படம் போட்டு விளக்கியவன்தான் நான். ஆனாலும் பதறிப்போய் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினேன். செட் ஊளையிட்டது. குரல் திரும்பியபோது வேறு ஊர்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அவள் ஹெட்போனை அரிசிப்பானைக்குள் புதைத்தாள். வாசலில் எதிர்வீட்டுச் சமஸ்தான அதிகாரி நின்றார்.

"வாத்தியாரே, ஒங்க செட்டு ஊளையிட்டா என் செட்டும் சேந்து ஊளையிடுது, தெரியுமா?"

அளவுக்கு மீறித் திருகினால் என் செட்டே அலையை வெளியே வீசும். எதைக் கேட்கிறோம் என்று இத்தனை நாளும் என் ஏரியல் கம்பியே காட்டிக்கொடுத்திருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது: அவரும் அதே ஒலிபரப்பில் தம் செட்டின் முள்ளை வைத்திருந்தால்தான் அவருக்கு அது கேட்டிருக்கும்.

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "என் மருமகன் ரங்கூன்ல இருக்கான்" என்றார் மெதுவாக.

என் மனைவி முன்னே வந்தாள். "விராலிமலைன்னாங்களே, பேரு காதுல விழுந்துச்சுங்களா?"

"மொத எழுத்து விழுந்துச்சும்மா. அதுக்குள்ள ஒங்க ஊளை வந்துருச்சு."

அந்த எழுத்தையும் சொன்னார். அண்ணன் பெயருக்கும் அதுதான் முதல் எழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு யுத்தம் முடியும்வரை அவள் நாளைக் கடத்தினாள்.

அண்ணன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். ரேடியோவைப் பற்றிக் கேட்டோம்.

"நான் ரப்பர் தோட்டத்துல ஒளிஞ்சு கெடந்தேன். யாருகிட்டயும் பேரு குடுக்கலையே" என்றார்.

விராலிமலையில் விசாரித்தோம். அதே எழுத்தில் பெயருள்ள இன்னும் இரண்டு பேர் மலேயா போயிருந்தார்கள். இருவரும் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். ரேடியோவில் கேட்டதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.