சுந்தரலிங்கம் கேமரா வாங்கிய கதை

ஓடைப்பட்டி சுந்தரலிங்கம் நல்ல போட்டோகிராபர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. முடிவெடுக்கிற பழக்கமும் கிடையாது. சட்டைத்துணி எடுக்கப் போனால் கடைக்காரர் சலித்துப்போய் அவராகவே ஒன்றைக் கிழித்துக் கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட மனுஷனிடம் இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்தில் ஊர் உலகமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டது: நிக்கானா, கேனானா?

அதுவரைக்கும் அவரிடம் இருந்தது பிலிம் போடுகிற பழைய பென்டாக்ஸ். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் அதில்தான். விட்டிருந்தால் அதை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பார். திராட்சைத் தோட்டக்காரர் ஒச்சாண்டிதான் விடவில்லை. மகள் ஞானசெல்வியின் கல்யாணத்தை டிஜிட்டலில் எடுக்கவேண்டும், முடியாதென்றால் தேனியிலிருந்து ஆள் வரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒச்சாண்டி வீட்டுக் கல்யாணமே கைவிட்டுப் போனால் ஊரில் வேறு யார் கூப்பிடுவார்கள்? ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேமரா வாங்க ஒரு மனுஷன் இவ்வளவு யோசிப்பானா என்று கேட்கலாம். அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. எல்லா லென்ஸும் எவரிடமும் இருக்காது. முகூர்த்த நாள் வந்தால் ஒருவர் வீட்டு லென்ஸை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவார், மறுநாள் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். நிக்கான் லென்ஸ் நிக்கானில்தான் மாட்டும், கேனான் லென்ஸ் கேனானில்தான். கேமரா வாங்குவது பெண் எடுக்கிற மாதிரி; அதற்கப்புறம் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்த ஒரு வகையறாவோடுதான்.

அனுமந்தன்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த நாகராஜ் நிக்கான்காரர். சுந்தரலிங்கத்தின் மனைவி முத்துலட்சுமிக்குக் கூடப்பிறந்த தம்பி. கம்பத்துப் பலவேசம் கேனான்காரர். சுந்தரலிங்கத்தின் அக்கா மகாலட்சுமியைக் கட்டியவர். முத்துலட்சுமிக்கும் மகாலட்சுமிக்கும் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம் ஆகிறது. ஒரு காதுகுத்து ஆல்பத்தில் யார் படம் முதல் பக்கத்தில் வந்தது என்பதில் ஆரம்பித்த சண்டை. அந்த ஆல்பத்தை ஒட்டிய புண்ணியவான் சுந்தரலிங்கமேதான்.

நாகராஜ் தன் கேமராவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நடுவிரல் கைப்பிடியில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தது. மறுவாரம் பலவேசம் கொடுத்ததில் கட்டைவிரல் தேடாமலே சக்கரத்தின்மேல் போய் விழுந்தது. நிக்கானில் முகத்து நிறம் நிஜமாக வரும் என்றார் நாகராஜ். லென்ஸ் வரிசை கேனானில்தான் நீளம், இன்றைக்கு ஓடைப்பட்டி என்றாலும் நாளைக்கு மதுரையில் மண்டபம் பிடிக்கிற அளவுக்கு வளர வேண்டாமா என்றார் பலவேசம். இரண்டு பேரும் சொன்னது சுந்தரலிங்கத்துக்கு நியாயமாகவே பட்டது. அதுதான் அவருடைய வியாதி.

முத்துலட்சுமி சோறு போடும்போது சொன்னாள்.

"எந்தக் கேமரா வேணும்னாலும் வாங்குங்க. எந் தம்பி லென்ஸு வேணாம்னு சொல்லிட்டுக் கம்பத்துக்குப் போனீகன்னா, அங்கனயே சாப்பிட்டுக்கங்க."

அக்கா போனில் அழுதே விட்டாள். கூடப்பிறந்தவள் வாசலை மிதிக்கத் தம்பிக்குக் கசக்கிறதா என்று கேட்டாள். சுந்தரலிங்கம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மதுரைக்குப் பஸ் ஏறினார். பழைய பென்டாக்ஸையும் தோளில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் வெளியூர் போனால் சட்டை போடாமல் போன மாதிரி இருக்கும். கடையில் இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார். கடைப்பையன்கள் சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். கடைக்காரர் பொறுமை இழந்து, உள் அலமாரியிலிருந்து யாருமே கேட்காத ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பென்டாக்ஸ், டிஜிட்டல். அவரிடம் இருக்கிற பழைய லென்ஸே இதில் மாட்டும், போகஸை மட்டும் கையால் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றார்.

சுந்தரலிங்கம் லென்ஸைப் பொருத்தித் திருகினார். 'டக்'கென்று உட்கார்ந்தது. இந்த லென்ஸுக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக அஞ்சு நிமிஷத்தில் ஒரு முடிவெடுத்தார்.

அன்று சாயங்காலம் முத்துலட்சுமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போனை எடுத்தாள், நாலு வருஷமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டாள்.

"மதினி, உங்க தம்பி செஞ்சுட்டு வந்த வேலையப் பாத்தீகளா?"

பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆனது.

கல்யாணத்தன்று நாகராஜும் பலவேசமும் மேடைக்கு இரண்டு பக்கமும் கைகட்டி நின்றார்கள். இருவர் பையிலும் நீள லென்ஸ் இருந்தது. இருந்து என்ன செய்ய, இவருடையதில் மாட்டாதே. சொந்தக்காரர்கள் மேடை முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு மறைத்தார்கள். தூரத்திலிருந்து இழுத்து எடுக்க லென்ஸ் இல்லாத சுந்தரலிங்கம், முதுகுகளுக்கு நடுவே புகுந்து மணவறைக்கே போய்விட்டார். தாலி ஏறுகிற நேரம். ஒச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, மாப்பிள்ளையவிட நீ எம் மகளுக்குக் கிட்டக்க நிக்கிறியே."

காலையிலிருந்து உம்மென்று குனிந்திருந்த ஞானசெல்வி குபீரென்று சிரித்துவிட்டாள். தாலியும் கையுமாக இருந்த மாப்பிள்ளையும் சிரித்தான். சுந்தரலிங்கத்தின் விரல்கள் பழைய பழக்கத்தில் லென்ஸைத் திருப்பி முடித்திருந்தன. பின்பக்கத்துத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்த பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒச்சாண்டி இரண்டுதரம் பார்த்துவிட்டு, அடுத்து மகன் கல்யாணத்துக்கும் இவன்தான் என்று சம்பந்தியிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஓடைப்பட்டிக்கு வந்து இறங்கியது. சுந்தரலிங்கத்தைத் திட்டுவதற்காகத்தான். அடுப்படியில் முத்துலட்சுமி கறி அலச, மகாலட்சுமி வெங்காயம் உரிக்க, இரண்டு பேரும் ஒரே குரலில் அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள்.

நாகராஜ், சுந்தரலிங்கம் வீட்டு முன்னறையில் வைத்திருந்த ஸ்டுடியோவுக்குள் தனியாக வந்து, புதுக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"கைக்கு நல்லாத்தான் இருக்கு மச்சான். அக்காகிட்ட சொல்லிராதீக."

அவர் வெளியே போனதும் பலவேசம் வந்தார். அவரும் வாங்கிப் பார்த்தார். லென்ஸைத் திருப்பித் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான் மாப்ள. ஒங்க அக்கா காதுல போட்டுறாத."

அடுப்படியில் ஏச்சு நின்றது. முத்துலட்சுமியின் குரல் வந்தது.

"அங்கன என்ன ரகசியம்?"

சுந்தரலிங்கம் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. கம்பத்து மச்சானும் கேமராவத்தான் திட்டுறாக."

ஏச்சு மறுபடி ஆரம்பித்தது.