காலையில் மட்டும் வந்த புகை

நேற்று கேம்ப் ரோடு சிக்னலில் முன்னால் நின்ற வண்டியிலிருந்து எரிந்த ஆயில் வாசனை வந்ததும், மாடம்பாக்கம் போகும் வழியில், இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில் முன்பு இருந்த மெக்கானிக் தாஸ் அண்ணனின் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஸ்பானர் விழும் சத்தமும், மண்ணெண்ணெயில் ஊறும் பாகங்களும், ஆயில் குடித்துக் கறுத்த மண்தரையுமாக இருக்கும்.

நடக்க முடியாத என் தம்பியை வாராவாரம் குரோம்பேட்டைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப்போக எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது நீலப் புகை விடத் தொடங்கியதும், பார்த்தவர்களெல்லாம் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினையே பிரிக்க வேண்டும், பேசாமல் விற்றுவிடுங்கள் என்றார்கள். அப்பா மனம் தளர்ந்துதான் கொட்டகைக்கு ஓட்டி வந்தார்.

"பொக எப்ப வருது சார்?" என்று கேட்டார் தாஸ் அண்ணன்.

அப்பா யோசிப்பதற்குள், பின்சீட்டில் தம்பியைப் பிடித்தபடி இருந்த அம்மா சொன்னாள்: "காலைல ஸ்டார்ட் பண்றப்போ மட்டும்தான். கொஞ்ச தூரம் போனா நின்னுடும்."

அவர் பிளக்கைக் கழற்றி, அழுத்தம் பார்க்கும் கேஜை வைத்தார். உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து, இப்போது முள் ஏறும் என்றார். ஏறவில்லை.

"ரிங் நல்லாத்தான் கீது சார். வால்வ் சீல் தேஞ்சி, ராத்திரி வண்டி நிக்கிறப்போ ஆயில் உள்ள எறங்குது, காலைல அதான் பொகயா வருது. அத மாத்திட்டா போதும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காரிலேயே மேலும் சில வருடங்கள் குரோம்பேட்டைக்குப் போய்வந்தோம். கடைசி வருடம் தம்பி தானே கதவைத் திறந்து, முன்சீட்டில் அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.