கல்லான சாணத்தில் ஒரு சிப்பி

“கல்லாப் போன சாணியத் தேய்ச்சுப் பாக்கவா உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன்? அதுக்கு நம்ம பட்டியே போதுமே, கண்ணு.”

ஏரியூரில் ஆட்டுப்பட்டியைக் கூட்டிக்கொண்டே அப்பா கேட்டார். சிரித்தார். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார்: “அந்தக் கல்லுல ஏதாச்சும் தெரிஞ்சா மேல படி. இல்லீனா பி.எட். சேந்துக்க. வூட்டுப் பக்கமே வேல பாக்கலாம்.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நிலவியலில் எம்.எஸ்சி. வரை வந்துவிட்டேன். ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது ஒரே கல், கோழிமுட்டை அளவு. டைனோசரின் சாணம்.

முதல் டைனோசர்கள் சிறியவை. பூச்சியோ பல்லியோ, அகப்பட்டதைத் தின்றவை. அந்த வழியில் வந்த சில, இலைதழைக்கு மாறி யானையைவிடப் பெரிதாகின. என்ன தின்றன என்பதைப் பல் பாதிதான் சொல்லும். மீதி சாணத்தில் இருக்கிறது.

கல்லை மெல்லிசாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை கையால் தேய்க்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் கல்லே போய்விடும்.

நுண்ணோக்கியில் தழை நார்கள் மங்கலாகத் தெரிந்தன. நடுவே வளைந்த வெள்ளைக் கீற்று, சிப்பி ஓடு போல.

எனக்கு வழிகாட்டும் மேடம் எட்டிப் பார்த்தார். “தழை தின்னதுக்குள்ள சிப்பி எப்படிம்மா வரும்? பின்னால ஒட்டுன மண்ணா இருக்கும். இன்னும் தேய், நார் தெளிவாகும்.”

தேய்த்தால் கீற்று போய்விடும்.

கோடையில் தாது உப்பு குறைந்தால் எங்கள் வெள்ளாடுகள் காய்ந்த எலும்பை மென்றுகொண்டு நிற்கும். அதைப் பார்த்ததுமே அப்பா பட்டியில் உப்புக்கட்டி கட்டித் தொங்கவிடுவார்.

“தேய்க்கலைங்க மேடம். எங்க ஆடே எலும்பு கடிக்குதுங்க.”

“டைனோசருக்கு உங்க ஆடு சாட்சியா?”

“சாட்சி இல்லீங்க, சந்தேகம். நார் எப்படிப் போகுதுன்னு பாருங்க.”

அவர் குனிந்தார். நிமிரவேயில்லை.

“சிப்பி ஓட்டைச் சுத்தி வளைஞ்சுதான் போகுது, தழையோடவே உள்ள போயிருக்கலாம்,” என்றார் கடைசியில். “ஆனா ஒரு வெட்டுல முடிவு சொல்ல முடியாது. கல்லு மிச்சம் இருக்கா?”

“பாதி இருக்குங்க.”

“அதுல இல்லேன்னா?”

மீதிக் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். “என்ன கண்ணு, ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுப்பா. அதுக்கும் நீங்க உப்புக்கட்டி கட்டியிருக்கணும்.”

“என்னது?”

அறுப்பு இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மீதிப் பாதியை அதில் இறுக்கி, தண்ணீரைத் திறந்து, பொத்தானை அழுத்திய பிறகுதான் போனை எடுத்திருந்தேன்.