வீட்டு வரி யாருக்குப் போகிறது?

வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று யார் வந்து நின்றாலும், வக்கீல் குமாஸ்தாவான நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டு வரி நகராட்சிக்கா, பஞ்சாயத்துக்கா?" என்பதுதான். வாடகை வீட்டில் அவதிப்படும் அன்பர்களே, நம் தலையெழுத்து அந்த ரசீதில் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில், பூந்தமல்லியில் வேலை பார்த்தபோது கற்ற பாடம் இது.

பூட்டிய குளியலறை

மண்ணூர்பேட்டை ரெஜினாவைக் கிளப்புவதற்காக வீட்டுக்காரர் குளியலறையைப் பூட்டிவிட்டார். அவள் பேக்கிங் வேலை பார்த்த கம்பெனி நடக்கும் தூரம். விடியற்காலை ஷிப்டுக்கு வேறு எங்கிருந்தும் பஸ் கிடையாது. வீடு போனால் வேலையும் போகும். நல்லவேளை, வரி அம்பத்தூர் நகராட்சிக்கு. நகராட்சி எல்லைக்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு; அது சொல்லும் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது, இருக்கிற வசதியைப் பறிக்கவும் கூடாது. மனு போட்டோம்.

ஆறு வாய்தா. பக்கத்து வீட்டில் குளித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் யூனிபாரத்தோடு வந்து நின்றாள். கடைசியில் உத்தரவு வந்து பூட்டு திறந்தது. "இவ்ளோ பிடிவாதமா?" என்று பல்லைக் கடித்த வீட்டுக்காரரிடம் ரெஜினா சொன்னாள்: "உன் ஊட்டையா எழுதிக் குடுன்னு கேட்டேன்? குளிக்க ஒரு கதவுதானே கேட்டேன்."

நெஞ்சை நிமிர்த்தி வந்தவர்

இதைக் கேள்விப்பட்டு நசரத்பேட்டை லாரி மெக்கானிக் தேவராஜ், காலி செய்யச் சொன்ன நோட்டீஸோடு தெம்பாக வந்தார். அவர் வீட்டு வரி பஞ்சாயத்துக்கு. அங்கே அந்தச் சட்டம் செல்லாது. காரணமே சொல்லாமல் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போட்டு வெளியேற்றலாம். இழுத்தடித்து ஆறு மாதம் வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான். சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று அவர் கேட்டார்: "அம்பத்தூர்ல கீறவன் மன்ஷன், இங்க கீறவன் மாடா நைனா?"

குமாஸ்தாவின் வீடு

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான் குடியிருந்தது காட்டுப்பாக்கத்தில். கிணற்றுத் தண்ணீர் தித்திக்கிறதே என்று மயங்கி அட்வான்ஸ் கொடுத்தவன், வரி ரசீதைக் கேட்கவே இல்லை. பஞ்சாயத்து வீடு. மனைவிக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது எனக்கே நோட்டீஸ் வந்தது. பயந்துபோனேன். வழக்காடி இழுக்கலாம்தான், ஆனால் பிள்ளை பிறக்கும் வீட்டில் தினமும் சண்டை வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்றதும் ஒன்பது பேரும் கையை விரித்தார்கள்.

பழைய தீர்ப்பின் நகலுக்காக வந்த ரெஜினா விஷயத்தைக் கேட்டாள். சிரிக்கவில்லை. மறுநாளே தன் வீட்டுச் சொந்தக்காரரைக் கையோடு அழைத்து வந்தாள். பின் போர்ஷன் காலியாம். "என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தவனுக்கா?" என்று அவர் முறுக்கிக்கொண்டார்.

"கேஸ் எழுதறவரு வெளிய கீறதாலதான் உனக்கு வம்பு. உள்ளாற வச்சிக்கோ" என்று அவரை அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்: "வரி ரசீதையும் எடுத்தாரச் சொல்லிக்கீறேன் அண்ணாத்தே. இந்தத் தபாவாச்சும் பாத்துட்டு வா."

அப்படியாக, மனு எழுதித் திறக்க வைத்த அதே குளியலறை வாசலில், வாளியும் கையுமாக எட்டு வருஷம் என் முறைக்காகக் காத்து நின்றேன்.