ஏழாயிரம் மைல் தாங்கும் எண்ணெய்

பிளசன்டனில் நான் போகும் கார்ச் சாமான் கடையில் என்ஜின் எண்ணெய்க்கென்றே ஒரு முழு வரிசை இருக்கிறது. தேன் நிறம், நல்லெண்ணெய் நிறம், பால் ஊற்றாத டீயின் நிறம். அங்கே போனால் எனக்குக் கால் தரிப்பதில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். என் வண்டிக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, கையேட்டில் போட்டிருக்கிறது, சிந்தெடிக் என்கிற செயற்கை எண்ணெய். இருந்தும் கை நீளுமுன் கொஞ்சம் தயங்குகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு சாதாவும் சிந்தெடிக்கும் இரண்டு வகை எண்ணெய். எனக்கு, அப்பா சீக்கிரம் வருவாரா, தாமதமாக வருவாரா என்பது.

அப்போது எனக்கு எட்டு வயது. வெஸ்ட் வின்ட்சரில், ரயில் கூவுவது கேட்கிற தூரத்தில், ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். அப்பாவின் நியூ ஜெர்சி ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. அடுத்தது டெக்ஸாஸில், இர்விங்கில். எத்தனை மாதம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. வீட்டு லீஸ் முடியப் பாதிக் காலம் இருந்தது, என் பள்ளிக்கூட வருஷமும் முடியவில்லை. ஆகவே அப்பா மட்டும் போவது, அம்மாவும் நானும் இங்கேயே இருப்பது, கார் எங்களோடு இருப்பது என்று முடிவாயிற்று. அம்மா லைசென்ஸ் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மரங்களெல்லாம் இலையை உதறிவிட்டு, குளிருக்குத் தயாராக நின்றன.

அப்பா எங்களைப் பற்றிக் கவலைப்படும் விதமே தனி. சாப்பிடுவீர்களா, தூங்குவீர்களா என்றெல்லாம் கேட்கமாட்டார். விடிகாலைப் பனியில் வண்டி கிளம்புமா என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தார்.

"ஆயில் மாத்தறதுக்குக் கடைக்கு மட்டும் போகாத. அவன் என்ன ஊத்தறான்னே தெரியாது. அடுத்த ஆயில் சேஞ்சுக்கு நானே வந்துடறேன்" என்றார் அம்மாவிடம்.

ஆயில் சேஞ்சுக்கு அப்பா வருவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூட பஸ் வருவதைப்போல, பல் விழுந்தால் முளைப்பதைப்போல, நடந்தே தீருகிற காரியங்களில் ஒன்றாக அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதில்தான் தகராறு. எடிசனில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, சாதா எண்ணெய்க் கட்சி. "அத்தான், அவங்க விளம்பரத்துல சொல்றதையெல்லாம் நம்பாதீங்க. எண்ணெய்னா எண்ணெய்தான்" என்பார். அப்பா வாயால் வாதாடுகிறவர் இல்லை. காலியான இரண்டு தயிர் டப்பாக்களை எடுத்தார். ஒன்றில் சாதா, ஒன்றில் சிந்தெடிக், தலா ஒரு கரண்டி. துருவிய தேங்காய்க்கும் பட்டாணிக்கும் நடுவே ஃப்ரீஸரில் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் தயிர் டப்பாவில் தயிரைத் தவிர எல்லாம் இருக்கும். மறுநாள் மத்தியானம் அம்மா தேங்காய் என்று நினைத்து அதில் ஒன்றைத் திறந்தாள். பொன்னிறமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இத ஊத்தி நான் தாளிச்சிருந்தா?"

"தாளிச்சிருந்தா ஏழாயிரம் மைல் ஓடியிருப்போம் அக்கா" என்றார் மாமா, முடிவைப் பார்க்கவே எடிசனிலிருந்து வந்திருந்தவர்.

அப்பா இரண்டு டப்பாவையும் சிங்க்கின்மேல் சாய்த்துப் பிடித்தார். நான் சாதா எண்ணெய்க்காக மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஓடு, ஓடு என்றேன். அது ஓடவில்லை. வேலைக்குப் போக மனமில்லாதவன் போர்வையை விலக்குவதுபோல மெல்ல மெல்ல நகர்ந்தது. சிந்தெடிக் முந்திக்கொண்டு விளிம்புக்கு வந்து, வழியப் பார்த்தது. அப்பா அதை நிமிர்த்தி, மாமாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"சாதா மூவாயிரம் மைல்ல மாத்தணும். இது ஏழாயிரம் தாங்கும்."

"அவ்வளவு நாளா?" என்றாள் அம்மா.

பாராட்டுகிறாள் என்று அப்பா நினைத்தார். "அடுத்த குளிர் வரைக்கும் நீ பானெட்டையே திறக்க வேண்டாம்" என்றார்.

"சாதாவே போடுப்பா" என்றேன் நான்.

"ஏன் கண்ணு?"

மூவாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. "அது நல்ல கலர்" என்றேன். மாமா கைதட்டினார். எங்கள் கட்சி அன்று தோற்றது.

மாமா வீட்டு வாசலில் வைத்துப் புது எண்ணெயை ஊற்றினார் அப்பா. அடுத்த மாற்றத்துக்கான மைல் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதி, முன் கண்ணாடியின் இடது மூலையில் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார்.

புதிய இடத்தில் லீவு கிடைக்கவில்லை. பனி வந்தது. வண்டி ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லை. சாவியைத் திருப்பியதும் கிளம்பும், அப்பா உள்ளே உட்கார்ந்து இருமுவதுபோல ஒரு இருமல், அப்புறம் ஓட்டம். "கிளம்பிடுச்சுங்க" என்று அம்மா ராத்திரி போனில் சொல்வாள். அந்தப் பக்கம் அப்பா என்ன சொல்வாரோ, அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொள்வாள்.

ஒன்றுதான் சரியில்லை. அம்மாவுக்கு வழி மனதில் நிற்கவில்லை. பால் வாங்கக் கிளம்பினால் கடை இருக்கும் தெருவைத் தாண்டிவிடுவாள். "ஐயோ, திரும்ப வேண்டிய இடம் போயிடுச்சே" என்பாள், பதறாமல். அப்புறம் கால்வாய் ஓரமாக ஒரு சாலை, அறுத்து முடித்த சோளக்காடு, போர்வை போர்த்திய குதிரைகள் நிற்கும் ஒரு பண்ணை, இலையில்லாத ஆப்பிள் தோப்பு. ஹீட்டர் முனகும். ஜன்னலில் என் மூச்சு படியும். இருட்டும் சமயத்தில் பாலோடு வீட்டுக்கு வருவோம். மாமா கேலி செய்வார். "அக்காவப் பால் வாங்க அனுப்பினா பென்சில்வேனியாலேர்ந்து போன் பண்ணுவா."

எனக்கோ கொண்டாட்டம். பின்சீட்டிலிருந்து எட்டி, ஓடிய மைலைப் பார்ப்பேன். அம்மாவின் மறதியால் அது கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தது. இவளுக்கு வழி தெரியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது. எங்கள் தெருமுனையில் மஞ்சள் பூக்கள் தலைநீட்டிய வாரத்தில், தாளில் இருந்த மைல் கணக்கை வண்டி எட்டிவிட்டது.

அப்பா வந்தார். சொன்ன சொல் தவறாமல், ஆயில் மாற்ற. மாமா வீட்டு வாசலில் பானெட்டைத் திறக்குமுன் சாவியைப் போட்டு மைலைப் பார்த்தார். துண்டுத் தாளைப் பார்த்தார். மறுபடி மைலைப் பார்த்தார்.

"ஸ்கூலுக்கும் பால் கடைக்கும்தானே போன? எப்படி இவ்வளவு ஓடியிருக்கு?"

"அக்காவுக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாது அத்தான்" என்றார் மாமா. நானும் சிரித்தேன்.

"எனக்கு வழி நிக்கறதில்லைங்க" என்றாள் அம்மா. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கண்ணாடி மூலையில் காய்ந்து சுருண்ட டேப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தார். துடைத்த கம்பியையே இன்னொரு தடவை துடைத்தார். பிறகு மாமாவின் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது சாதா எண்ணெய்.

மாமா விடவில்லை. "அப்போ ஃப்ரீஸர்ல வெச்சுக் காட்டினதெல்லாம்?"

"ஃப்ரீஸருக்கு அதுதான் நல்லது. இந்த வண்டிக்கு இது போதும். குளிர்தான் போயாச்சே."

புதுத் தாளில் மூவாயிரத்தைக் கூட்டி எழுதி ஒட்டினார்.

சாயங்காலம் நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் சாலையை மறித்து வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து, எந்தப் பக்கம் போவது என்று திகைத்தார். "லெஃப்ட் எடுங்க" என்றாள் அம்மா. "கால்வாய்ப் பாலம் வரும். அது தாண்டிக் குதிரைப் பண்ணை. அங்க ரைட். தோப்பு முடியற எடத்துல ரோடு ரெண்டாப் பிரியும், சின்னதுல போனா நேரே நம்ம தெருதான்." பாலம் வந்தது. குதிரைகள் வந்தன. போர்வை இல்லாமல் நின்றன. அம்மா சொன்ன ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. அப்பா கியரிலிருந்து கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

நான் அதையெல்லாம் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, எனக்கு வேறு பெருமை இருந்தது. கண்ணாடி மூலையில் இருந்த புது மைல் கணக்கைப் பார்த்தபடி, அப்பா கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டார் என்று பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.